எண்ணிப் போடும் பூ: நீலகிரியில் ஐந்து நாள்

நாள் 1: மேட்டுப்பாளையம், ஊட்டி

சென்னிமலையில் இருந்து நேற்று ராத்திரியே மேட்டுப்பாளையம் வந்து படுத்துவிட்டு, காலை ஏழு மணி மலை ரயிலைப் பிடித்தேன். எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: ஈரோட்டுப் பக்கம், போர்வைக்கும் பெட்ஷீட்டுக்கும் பேர்போன நெசவு ஊர். அப்பா ஜக்கார்டு பெட்டிக்கு, அதாவது தறியில் டிசைனை எடுக்கும் கருவிக்கு, அட்டை அடித்தவர். கட்டம் போட்ட தாளில் டிசைனை வரைந்து, கட்டம் கட்டமாக இங்கே துளை வேண்டும் இங்கே வேண்டாம் என்று பார்த்து அட்டையில் குத்தி, அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்துக் கொடுப்பார். அதே வேலையைத்தான் நான் இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறேன். அட்டை போய் பென் டிரைவ் வந்திருக்கிறது, கட்டம் அப்படியேதான் இருக்கிறது.

இந்தப் பயணத்துக்குக் காரணம் இரண்டு. ஒன்று, கோத்தகிரியில் இருக்கும் தோழி. ஜவுளி வடிவமைப்பு படித்தவள், கலைக்கண்காட்சிகளுக்குத் துணி செய்கிறவள். "தோடர் அக்கா ஒருத்தரோட சேர்ந்து ஒரு துணி செய்யறேன், தொட்டா பேசும், நீ வந்து பார்த்தே ஆகணும்" என்று மூன்று மாதமாகக் கூப்பிடுகிறாள். தோடர் என்றால் நீலகிரியின் பழங்குடிகள். இரண்டாவது காரணத்தைச் சொல்லத்தான் கொஞ்சம் தயக்கம், ஆனால் சொல்லாமல் இந்தப் பயணத்தை எழுத முடியாது. போன வருடம் ஒரு வியாபாரி தோடர் சால்வையின் போட்டோ ஒன்றை போனில் அனுப்பி, இதை எம்பிராய்டரி மெஷினுக்கு மாற்றிக் கொடுங்கள் என்றார். செய்து கொடுத்தேன். ஒன்றரை நாள் வேலை, காசும் வந்துவிட்டது. அதன்பிறகு அந்த ஃபைலைப் பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது.

ரயிலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. 46 கிலோமீட்டர், 208 வளைவு, 250 பாலம், 16 சுரங்கம். கல்லாறு தாண்டியதும் நடுவில் இருக்கும் பல் தண்டவாளத்தில் எஞ்சினின் பல்சக்கரம் மாட்டிக்கொள்கிறது, அங்கிருந்து குன்னூர் வரைக்கும் ஒவ்வொரு பல்லாகத்தான் ஏறுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஊட்டியில் இறங்கும்போது மழைத்தூறல். வர்க்கியும் டீயும் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து இதை எழுதுகிறேன். நாளைக்கு நடக்க வேண்டும்.

நாள் 2: ஊட்டி

காலையில் தாவரவியல் பூங்காவுக்குப் போனேன், பூப் பார்க்க இல்லை. பூங்காவின் மேல்பக்கம் ஏறினால் தோடர் மந்து ஒன்று இருக்கிறது. மந்து என்றால் அவர்களுடைய குடியிருப்பு. அரைவட்டமாக வளைந்த கூரை, குனிந்து தவழ்ந்துதான் போக முடியும் என்கிற அளவுக்குச் சின்ன வாசல், அந்தப் பழைய மாதிரி வீடு ஒன்று இன்னும் நிற்கிறது. அதைச் சுற்றி இருப்பதெல்லாம் சாதாரண ஓட்டு வீடுகளும் கான்கிரீட் வீடுகளும். சுற்றுலா வந்தவர்கள் கேட்காமலேயே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் போனை வெளியே எடுக்கவில்லை. தோடர்கள் மொத்தமே 2,000 பேர் அளவில்தான். எருமை அவர்களுடைய வாழ்க்கை, எருமைப் பால் பண்ணைதான் கோயில். அவர்கள் மொழிக்கு எழுத்து இல்லை.

அவர்கள் போர்த்துவது பூத்துக்குளி. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி, அதில் சிவப்பு, கறுப்புப் பட்டைகள். அந்தப் பட்டைகளை ஒட்டி சிவப்பு, கறுப்பு நூலில் பெண்கள் போடும் பூ வேலைக்குப் புகூர் என்று பேர். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தூரத்தில் இருந்து பார்க்கிற யாரும் தறியில் நெய்தது என்றுதான் சொல்வார்கள். நெசவு ஊரில் பிறந்த நானே முதல்முறை அப்படித்தான் நினைத்தேன். ஊசியில் போட்டது அது.

மத்தியானம் கடைவீதியில் சும்மா சுற்றினேன். ஒரு கடையில் "தோடா சால்வை" என்று ஒன்றை எடுத்துப் போட்டார்கள். கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது, ஆனாலும் பையில் இருந்த பிக் கிளாஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். நூல் எண்ணுகிற சின்ன மடக்குக் கண்ணாடி அது, எங்கள் தொழிலில் எல்லார் பையிலும் இருக்கும். ஊசி துணியின் இழைகளைப் பற்றிக் கவலையே படாமல் இழை நடுவிலும் குத்தியிருக்கிறது, இடுக்கிலும் குத்தியிருக்கிறது, திருப்பினால் பின்பக்கம் பாபின் நூல், அதாவது மெஷினின் கீழ் நூல், வெள்ளையாக ஓடுகிறது, அதற்கும் அடியில் துணி சுருங்காமல் இருக்க வைத்த பேப்பர் மாதிரியான ஒட்டு கிழித்தும் கிழிக்காமலும் கிடக்கிறது. எம்பிராய்டரி மெஷின் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்யும். மேல் நூல் ஒன்று, கீழ் நூல் ஒன்று, இரண்டும் பூட்டிக்கொள்ளும், நிமிடத்துக்கு 800 தையலுக்கு மேல் போகும். மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஓரத்தில் இருந்த கொம்பு வடிவத்தைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. நான் போட்டதா, வேறு யாரோ போட்டதா, சொல்லத் தெரியவில்லை. கடைக்காரரிடம் எதுவும் பேசாமல் துணியை மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாள் 3: கோத்தகிரி

ஊட்டியில் இருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தொட்டபெட்டா தாண்டியதும் குளிர் கொஞ்சம் குறைகிறது, இரண்டு பக்கமும் தேயிலை. தோழியின் வீடு ஒரு சரிவில், முன்அறை முழுக்க நூல் கண்டுகள், மேசையில் சால்டரிங் அயர்ன், அதற்குப் பக்கத்திலேயே ஊசிப்பெட்டி. சாயங்காலம் வரைக்கும் பேசினோம், அதில் பாதியையாவது எழுதிவிடுகிறேன்.

நான் ஜக்கார்டு ஆள் என்பதால் பேச்சு அங்கேதான் தொடங்கியது. 1804-ல் பிரான்சின் லியோனில் ஜோசப் மரி ஜக்கார்டு துளையிட்ட அட்டைகளால் பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலை, தூக்கும் பெட்டியைச் செய்தார். 1839-ல் அவருடைய உருவப்படத்தையே அந்தத் தறியில் பட்டில் நெய்தார்கள், அதற்கு மட்டும் சுமார் 24,000 அட்டை. அப்பா சின்ன போர்வை டிசைனுக்குச் சில நூறு அட்டை அடிக்கவே ராத்திரி கண் விழிப்பார், அதனால் அந்த எண்ணிக்கை எனக்கு வெறும் எண் இல்லை. அந்தப் படத்தின் பிரதி ஒன்றைக் கம்ப்யூட்டருக்கு முன்னோடியான சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார், அவர் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கும் இதே துளை அட்டைதான். தறி பூவையும் இலையையும் நெய்வது போல இந்த இயந்திரம் இயற்கணித வடிவங்களை நெய்யும் என்று 1843-ல் ஏடா லவ்லேஸ் எழுதினார். கம்ப்யூட்டர் தறியிடம் கடன் வாங்கியது என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாராவது பள்ளிக்கூடத்திலேயே சொல்லியிருக்கலாம், எத்தனை பேர் தறியைப் பார்த்து வெட்கப்படாமல் இருந்திருப்பார்கள்.

தோழி சொன்ன இன்னொன்று ராத்திரி தூங்கவிடவில்லை. 1969-ல் நிலாவுக்குப் போன அப்பல்லோவின் வழிகாட்டிக் கம்ப்யூட்டரில் புரோகிராமைக் கையால் கோத்திருக்கிறார்கள். சின்னச் சின்னக் காந்த வளையங்கள், கம்பி வளையத்துக்குள்ளே போனால் 1, வெளியே சுற்றிப் போனால் 0. அமெரிக்காவில் வால்தம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பெண்கள் உட்கார்ந்து ஊசி மாதிரி ஒன்றால் கோத்தார்கள். உள்ளே, வெளியே. மேலே, கீழே. பாவுக்கு மேலா கீழா என்பதுதானே நெசவில் இருக்கிற ஒரே கேள்வி!

இன்றைக்குத் துணிக்கலை செய்கிறவர்களில் இரண்டு பேரைப் பற்றி நெடுநேரம் பேசினோம். ஒருவர் அமெரிக்காவின் நவஹோ பழங்குடி நெசவாளர் மரிலூ ஷுல்ட்ஸ். 1994-ல் இன்டெல் நிறுவனம் கேட்டு, பென்டியம் சிப்பின் உள்வரைபடத்தை நவஹோ முறையில் கம்பளி விரிப்பாகக் கையால் நெய்தார். இன்னொருவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியா குக். குழந்தை முகங்களை, பழைய போட்டோக்களை டிஜிட்டல் ஜக்கார்டு கைத்தறியில் பெரிதாக நெய்கிறவர். கிட்டே போனால் முகம் மறைந்து நூல்தான் தெரியும். அதோடு விடாமல், போட்டோவில் இருக்கிற முகத்தைப் பார்க்கும்போதும் அதே முகத்தைத் துணியில் பார்க்கும்போதும் மூளை ஒரே மாதிரிதான் வேலை செய்கிறதா என்று நரம்பியல் ஆய்வாளர்களோடு சேர்ந்து அளந்து பார்த்தார், அந்த மூளைப் படங்களையும் துணிக்குள்ளேயே நெய்தார்.

அவர் மாதிரி ஆட்கள் பயன்படுத்தும் தறி நார்வேயில் செய்வது, முதலில் வந்தது டிசி1, இப்போது டிசி2. இதன் வேலை முறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு பாவு நூலையும் கம்ப்யூட்டர் தனித்தனியாகத் தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். குறுக்கே ஓடும் ஊடை நூலை நெசவாளரே கையால் போட வேண்டும், அதை நெருக்கும் அச்சைக் கையால் அடிக்க வேண்டும். அடுத்த ஊடைக்கு முன்னால் நிறுத்தலாம், நிறம் மாற்றலாம், திரையில் டிசைனையே மாற்றிவிட்டுத் தொடரலாம். காஞ்சிபுரம் பக்கம் கைத்தறி மேலே எலக்ட்ரானிக் ஜக்கார்டு ஏற்றும்போதும் நடப்பது ஏறக்குறைய இதுதான், அட்டை போகிறது, கை இருக்கிறது. கையை வேலையில் வைத்திருக்கிற கருவி, கையின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிடுகிற கருவி, இரண்டும் கம்ப்யூட்டர்தான். நான் போன வருடம் செய்தது இரண்டாவது வகை என்று அவளிடம் சொன்னேன். அவள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "நாளைக்கு அக்காகிட்ட சொல்லு" என்றாள்.

நாள் 4: மந்து

அக்காவின் பேரையோ மந்தின் பேரையோ எழுதப் போவதில்லை, அவரே அப்படிக் கேட்டுக்கொண்டார். கோத்தகிரியில் இருந்து கொஞ்ச தூரம், புல்வெளியும் சோலையும் சந்திக்கிற இடம். அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மூக்கில் கண்ணாடி, திண்ணையில் வெயில் விழுகிற பக்கமாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். என்னைத் தம்பி என்றார், டீ கொடுத்தார், எருமைப் பாலில் போட்ட கெட்டி டீ.

அவர் ஊசி போடுவதை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். துணியில் எந்த வரைகோடும் இல்லை, எதிரே தாள் இல்லை, வட்டச்சட்டமும் இல்லை. இடது கையின் ஆள்காட்டி விரல் மேலே துணியை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார், ஊசியைத் துணிக்குக் குத்தாகப் பிடிப்பதில்லை, படுக்க வைத்து இழைகளுக்கு இணையாகத் தள்ளுகிறார். முனை மூன்று இழையின் மேல் ஏறி, இரண்டின் அடியில் போய், மறுபடி மூன்றின் மேல் வருகிறது. எந்த இழையும் குத்துப்படவில்லை. இழைகளுக்கு நடுவில் இருக்கும் வழியிலேயே ஊசி நடந்து போகிறது. வரிசை முடிந்து திரும்பும் இடத்தில் நூலை இறுக்கி இழுக்காமல் கொஞ்சம் தளர்வாகவே விடுகிறார், அதனால் ஒரு பக்கம் பொசுபொசுவென்று புடைத்து வருகிறது, அந்தச் சொரசொரப்பான பக்கம்தான் அவர்களுக்கு முன்பக்கம். நான் பின்பக்கம் என்று நினைத்து ஓரமாகத் தள்ளியிருப்பேன்.

இதை எங்கள் பாஷையில் சொன்னால், ஊசியால் போடும் கூடுதல் ஊடை. தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா போகிற பாதையில் இங்கே ஊசி போகிறது. ஜக்கார்டில் எந்தப் பாவு தூக்க வேண்டும் என்பதை அட்டை சொல்லும், இங்கே அக்காவின் தலைக்குள் இருக்கிறது. முயல் காது ஓரத்தில் வரும், எருமைக் கொம்பு வரும், பட்டாம்பூச்சி வரும், ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை தெரியும். அம்மா போடுவதைப் பார்த்து வந்ததுதான், யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை என்றார்.

அப்புறம் அந்தப் பேசும் துணி. ஒரு முழ அகலம், வெள்ளைத் துணியில் வழக்கமான சிவப்பும் கறுப்பும், நடுநடுவே மங்கின சாம்பல் வரி. அது வெள்ளி முலாம் பூசிய நைலான் நூல், கரண்ட் கடத்தும். 2007-ல் லியா பியூக்லி என்ற ஆய்வாளர் துணியிலேயே தைக்கக்கூடிய சின்னச் சின்ன எலக்ட்ரானிக்ஸ் வில்லைகளை லில்லிபேட் ஆர்டுயினோ என்ற பேரில் கொண்டுவந்த பிறகு, உலகம் முழுக்கத் துணிக்கலைஞர்கள் இந்த நூலோடு விளையாடுகிறார்கள். இங்கே ஒவ்வொரு கொம்பும் தனி வரி, தனி நூல், வரியின் முனை ஓரத்தில் ஒளித்து வைத்த சில்லுக்குப் போகிறது. விரல் வைத்ததும் அந்தக் கொம்பைப் போடும்போது அக்கா எண்ணிய எண் அவருடைய குரலிலேயே தோடர் மொழியில் கேட்கிறது. எழுத்து இல்லாத மொழியின் எண்கள் துணியைத் தொட்டால் வருகின்றன. முதல்முறை கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது, மறைக்க முயலவில்லை.

இதற்குப் புகூர் எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். எம்பிராய்டரி மெஷினில் இந்த நூலை ஊசியில் கோத்தால் அடிக்கடி அறுந்து சிக்கிக்கொள்ளும், அதனால் கீழே பாபினில்தான் போடுவார்கள். கையில் அந்தத் தொல்லை இல்லை, ஒரே நூல் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, கொம்பு முழுக்க அறுபடாமல் ஒரே கம்பியாகிவிடுகிறது. ஆனால் முதல் துணி வேலை செய்யவில்லையாம். புகூரில் வரிசைகள் நெருக்கமாக ஒட்டி உட்காருவதுதான் அழகு, பக்கத்துப் பக்கத்துக் கொம்புகளின் வெள்ளி நூல்கள் ஒன்றை ஒன்று தொட்டு, எதைத் தொட்டாலும் எல்லாம் சேர்ந்து கத்தியிருக்கிறது. தோழி இரண்டு வாரம் சில்லையும் புரோகிராமையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறாள். அக்காதான், "நடுவுல ரெண்டு வரி கறுப்பு ஓட்டிட்டா தொடாது இல்ல?" என்று கேட்டுவிட்டு ஓட்டிக் காட்டினாராம். கறுப்புக் கம்பளி நூல் கரண்ட் கடத்தாது. எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் இன்சுலேஷன் என்று சொல்வதை அவர் நிறமாகவே போட்டுவிட்டார், டிசைனும் கெடவில்லை. இந்தத் துணிக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் சொந்தக்காரர்கள், விற்றால் பாதிப் பாதி என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

குறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பதினொரு மணிக்கு மலையில் இருந்து மூட்டம் இறங்கியது, ஐந்து நிமிடத்தில் துணி ஈரம் ஏறி, யாரும் தொடாமலேயே எண்ண ஆரம்பித்துவிட்டது. தோழி பேட்டரியைக் கழற்றினாள். வெள்ளி முலாம் நாளாக ஆகக் கறுக்கும், துவைக்கத் துவைக்கத் தேயும். ஸ்டீல் நூல் கறுக்காது, ஆனால் விறைப்பு, அக்காவின் விரலுக்கு ஆகவில்லை. இது புகூர்தானா என்று அக்காவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் தைத்தார். "வீட்டுல சாவுக்கு எடுக்கிற துணியில இது வராது தம்பி. வெளிய போற துணியில வரட்டும்" என்றார். பூத்துக்குளிதான் இறந்தவரைப் போர்த்தி அனுப்பும் துணியும். எந்த இடத்தில் புதியதை விடலாம், எந்த இடத்தில் கூடாது என்று அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நான் சொன்னேன். போன் திரையில் அந்த ஃபைலைத் திறந்து காட்டி, இப்படி ஒரு போட்டோ வந்தது, யாரையும் கேட்காமல் மெஷினுக்கு மாற்றிக் கொடுத்தேன் என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். "எத்தன போச்சு?" என்றார். நானூறு என்று கேள்வி என்றேன். அவர் ஒரு சால்வை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த நானூறுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கச் சொன்னார், நகத்தால் திரை மேலே ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். "இங்க ஒண்ணு விட்டுட்ட. கொம்பு சாயுது."

போட்டோவில் துணி மடிந்திருந்த இடம் அது. மடிப்புக்குள் போன இழையை நான் பார்க்கவே இல்லை. நானூறு துணியிலும் கொம்பு சாய்ந்திருக்கிறது.

பிறகு ஒரு துண்டுத் துணியும் ஊசியும் கையில் கொடுத்து, போடு என்றார். சாயங்காலம் வரை பதினான்கு வரி போட்டேன். திருப்பிப் பார்த்து, ஆறாவது வரியில் இருந்து பிரித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்.

நாள் 5: இறக்கம்

காலை பஸ்ஸில் கோத்தகிரியில் இருந்து நேராக மேட்டுப்பாளையம், 33 கிலோமீட்டர். கிளம்புவதற்கு முன்னால் வியாபாரிக்குப் போன் போட்டு, அந்த டிசைனை இனி ஓட்ட வேண்டாம், வாங்கிய காசைத் திருப்பித் தருகிறேன் என்றேன். ஃபைல் ஏற்கெனவே இரண்டு யூனிட்டுக்குப் போய்விட்டது என்றார். அவர் கோபமாகப் பேசவில்லை, எனக்குத்தான் குரல் உயர்ந்தது. அந்த யூனிட்களின் நம்பரைக் கேட்டிருக்கிறேன், தருகிறேன் என்றிருக்கிறார்.

அக்காவிடம் ஒன்று கேட்டு வந்தேன். கொம்பின் எண்ணிக்கையைக் கட்டத்தாளில் குறித்துக்கொள்ளலாமா, மெஷினுக்கு இல்லை, எங்கள் ஊரில் ஜக்கார்டு பழகும் பிள்ளைகளுக்கு எண்ணிப் போடும் வேலை என்றால் என்ன என்று காட்ட. கொம்பு எடுத்துக்கொள், ஓரத்தில் கறுப்பாக இருக்கிறதே அது வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்க வெக்கை ஏறியது, ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு துண்டுத் துணியை எடுத்தேன். ஆட்டத்தில் ஊசி போட முடியாது, அதனால் பிக் கிளாஸை வைத்து முதல் வரியை மட்டும் எண்ணி நோட்டில் எழுதினேன். மூன்று மேல், இரண்டு கீழ், மூன்று மேல், இரண்டு கீழ், ஒன்று மேல். அந்த ஒன்று சரியா என்று இன்னொரு முறை எண்ணுவதற்குள் மேட்டுப்பாளையம் வந்துவிட்டது.